அண்ணன் போட்ட விளக்கு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் என் அக்கா. கண் மருத்துவமனையில், விழித்திரையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வது அவள் வேலை.

"டேய், இன்னிக்கு ஒரு பேஷன்ட் தன்னைப் பத்தி உன்னை ஒரு கதை எழுதச் சொன்னாங்க. பேச்சுவாக்குல, என் தம்பி எழுதுவான்னு உளறிட்டேன். எழுதித் தொலை."

முதல் தொடக்கம்: 'அந்த அறையில் இருள் ஒரு கறுப்புக் கம்பளத்தைப் போல...' (அடித்துவிட்டேன். இருட்டு இருட்டு மாதிரிதான் இருக்கும்.)

இரண்டாவது: 'அவள் ரொட்டி வேன் ஓட்டுகிறவள்.' இது இருக்கட்டும். (நிஜத்தில் ரொட்டி வேன் இல்லை. ஆள் தெரியக் கூடாதென்று மாற்றினேன். வண்டி ஓட்டுவது மட்டும் உண்மை.)

2

விடிவதற்கு முன்பே கடை கடையாக ரொட்டி இறக்க வேண்டும். போன மாதம் ஒரு தெருமுனையில் வேகத்தடை இருப்பதே தெரியாமல் வண்டியை ஏற்றிவிட்டாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் இருட்டில் தடுமாற்றம்; இப்போது பகலிலேயே குழாய்க்குள் இருந்து பார்ப்பது போலத்தான் தெரிகிறது. குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய். அவளுக்கும் அது இருந்தால், வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அந்த பயத்தோடுதான் அக்காவின் அறைக்கு வந்தாள்.

3

(இது அறிவியல். தாண்டிப் போகிறவர்கள் போகலாம். நஷ்டம் உங்களுக்குத்தான்.)

வெளிச்சம் பட்டதும் கண்ணிலுள்ள செல்கள் 'வந்தாச்சு, வந்தாச்சு' என்று கத்தும் என எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்படியே தலைகீழா எழுதியிருக்கே. மங்கல்ல பாக்க உதவுற கோல் செல் இருக்கே, அது இருட்டிலதான் ஓயாம பேசும். பக்கத்துச் செல்லுக்கு ரசாயனத்தை விட்டுக்கிட்டே இருக்கும். வெளிச்சம் பட்டா வாயை மூடிக்கும்."

"அப்போ, பேச்சு நிக்கிறதுதான் சேதியா? அடேயப்பா! மௌனம் என்பது..."

"ஆரம்பிச்சிட்டான்யா!"

(அந்த வாக்கியம் அங்கேயே செத்தது.)

கோல் செல்லுக்குள், வைட்டமின் ஏ-யிலிருந்து பிறந்த மூலக்கூறுகள் குனிந்தபடி காத்திருக்கின்றன. ஒளியின் ஒரே ஒரு துணுக்கு பட்டால் போதும், ஒன்று நிமிர்கிறது. அது நிமிர்ந்ததும் புரதங்கள் ஒன்றையொன்று உசுப்பிவிட, செல்லின் வாசல்கள் சாத்திக்கொள்கின்றன, பேச்சு அடங்குகிறது. அடங்கியதைக் கவனித்துத்தான் அடுத்த செல், வெளிச்சம் வந்ததென்று புரிந்துகொள்கிறது. இத்தனை வருஷம் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இதில் ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறேன்! உண்மையிலேயே எனக்கு மெய்சிலிர்த்தது.

நிமிர்ந்தவற்றுக்குப் பதில் மறுபடி குனிந்தவை வந்து சேர நேரம் பிடிக்கும். அதனால்தான் ஒளியை மின்னவிட்டு, திரையில் அலை எழுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு முன்னால் அரை மணி நேரம் இருட்டில் உட்கார வைக்கிறார்கள். நடுவில் யாராவது விளக்கைப் போட்டால் எல்லாம் முதலிலிருந்து.

4

போட்டார்கள்.

அரை மணி முடியப் போகிற நேரம். கதவு திறந்தது, ஒரு கை சுவரைத் தடவியது, அறை முழுக்க வெளிச்சம்.

"ஐயையோ, யாரது?" என்று அக்கா கத்தினாள்.

வாசலில் அண்ணன். "இருட்டில தனியா உக்கார வச்சிட்டீங்களே மேடம். பாப்பா பயந்துடுவா."

பாப்பா என்பது வேன்காரிதான். வயது முப்பத்தைந்து.

(இங்கே எனக்கு இந்த அண்ணன் மேல் சந்தேகம் வந்தது, வேண்டுமென்றே செய்தாரோ என்று. 'திறக்காதீர்கள்' என்று கதவில் எழுதியிருக்காதா? "பெரிசா எழுதியிருக்கு. ஓரத்துல இருக்கு, அவர் கண்ணுக்கு எட்டலை" என்றாள் அக்கா. என் சந்தேகத்தை நினைத்து வெட்கப்பட்டேன். அவருக்கு இருட்டு என்றால் இப்போது வெறும் சுவர். தங்கையை அதற்குள் தனியாக விட அவருக்கு மனசு வரவில்லை.)

"போச்சு, அவ்வளவும் போச்சு. நீங்களும் உள்ளேயே உக்காருங்க சார். வெளியே விட்டா மறுபடி வந்து நிப்பீங்க" என்று சொல்லி அக்கா விளக்கை அணைத்தாள்.

5

முடிவு அ: ஒளி மின்னியது. திரையில் அலை கம்பீரமாக எழுந்து...

முடிவு ஆ: ஒளி மின்னியது. திரையில் கோடு படுத்தே கிடந்தது.

இரண்டையும் அடித்துவிட்டேன். என்ன வந்ததென்று அக்காவுக்குத் தெரியும், சொல்ல மாட்டாள். அடுத்த வாரம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தவிர, வேன்காரி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அதை நான் இதுவரை உங்களிடம் மறைத்துவிட்டேன்.

"எழுதட்டும் மேடம். ஆனா கடைசியில என்னாச்சுன்னு மட்டும் எழுதக் கூடாது. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி கதையில படிச்சா எனக்குத் தாங்காது. நல்லதா எழுதினாலும்."

6

ஆகவே, ஒளி மின்னுவதற்கு முன் நடந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்பது உங்கள் பாடு.

இரண்டாவது அரை மணி நேரம். அண்ணன் வேன் டயரைப் பற்றியும் வீட்டு ஓனரின் கஞ்சத்தனத்தைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"பாப்பா, இப்போ நான் என்ன பண்றேன், சொல்லு பாப்போம்."

அவர் அழுதுகொண்டிருந்தார். இருட்டுக்குப் பழகிய அக்காவின் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிந்தது.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். முகம் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"சிரிக்கிறே, அண்ணா."

"கரெக்டா சொல்லிட்டியே" என்றார் அவர்.