அம்முலுவுக்கு முகம் வந்த சித்திரை

போன தை மாதம் இரண்டாம் ஞாயிறு, உத்திரமேரூர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த நடிப்பு வகுப்பில் அம்முலு மேடைக்கு வந்தபோது அவள் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. டீ டம்ளர் ஒன்று மட்டும் இடுப்புயரத்தில் நடந்து வந்தது. மகளாக நடித்த கீர்த்தி அதை வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றாள். அம்முலு மானாம்பதிக்காரி; பெண்கள் கூத்து சபையில் பதினோரு வருஷமாக அசுர வேஷம் கட்டுகிறவள். கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று தான் இன்னார் என்று பாடி முடித்த பிறகுதான் வேஷக்காரர் வெளியே வருவார். அவள் உடம்பு அதையே சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பஸ்ஸில், ரேஷன் கடையில் நன்றாகவே தெரிவாள். நடிக்க வந்தால் மட்டும் திரை பிடிக்காமல் தெரியமாட்டாள், அவ்வளவுதான்.

வாலாஜாபாத்திலிருந்து வந்து நடிப்பு சொல்லிக்கொடுக்கும் ஷீபா அசரவில்லை. இரண்டாம் நிலை வகுப்பில் இதெல்லாம் சகஜம், போன வருஷம் ஒருவருக்கு நிழல் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்தது என்றாள். அம்முலுவுக்கு அது சகஜமாக இல்லை. அவள் மகள் இளமதி மூன்று வயதில் அசுர வேஷத்தைப் பார்த்து வீறிட்டு ஓடியவள். ஒன்பது வயதாகியும் அம்மா ஆடுகிற பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அரிதாரம் இல்லாத முகத்தோடு தான் நடிப்பதை மகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றுதான் அம்முலு இந்த வகுப்பில் சேர்ந்ததே. பார்த்தால் அந்த முகத்தையே காணோம்.

மாசியில் நகைச்சுவை நாடகம். கண்ணுக்குத் தெரியாத அம்முலுமேல் ஆளாளுக்கு இடறி விழ, ஜனம் வயிறு வலிக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து அடுத்த வசனம் சொல்லப் பழகினாள். கால் வந்தது, மாதக் கடைசிக்குள் இடுப்பு வந்தது. பங்குனியில் மாகறல் பஸ் நிறுத்தத்தில் வீதி நாடகம். மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. எதிரில் நிற்கிற ஆளைப் பார்த்துக் குரலைக் கொடுக்கக் கற்றாள். கை வந்தது, தோள் வந்தது, கழுத்து வந்தது. இன்றைக்கு அம்முலு எதுவரை வந்தாள் என்பதே டீக்கடைகளில் பேச்சு. ஊருக்கே கொண்டாட்டமாகிவிட்டது.

சித்திரையில் குடும்ப நாடகம். வேலைக்காக ஊரைவிட்டுப் போகும் மகளுக்கு அம்மா டீ கொடுக்கிற அதே காட்சி. எத்தனை ஒத்திகை பார்த்தும் கழுத்துக்குமேல் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, நீ உள்ளுக்குள்ள கூத்துத் திரைப்பாட்டு பாடிக்கினே வர்ற. அத்த வுடு. கீர்த்தி இன்னா சொல்றான்னு கேளு," என்றாள் ஷீபா.

"திரை இல்லாம வர்றது, கட்டுன பொடவ இல்லாம வர்ற மாதிரி கீது ஷீபா."

அசுர வேஷம் இல்லாத நாடகம் என்பதால் அன்று இளமதி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். டீயை நீட்டிய அம்மாவுக்குத் தலையில்லை. அந்த நேரம் பார்த்துக் கீர்த்திக்கு வசனம் மறந்துபோய்க் கண் கலங்கியது. எப்போதும் தன் வசனத்துக்கே காத்திருக்கும் அம்முலு, அன்று அந்தப் பெண்ணைப் பார்த்தாள். எழுதி வைக்காத கேள்வி வாயில் வந்தது: "இன்னாடி, கண்ணு கலங்கிக்கினு கீது?"

"போறதுக்கு பயமா கீதும்மா," என்றாள் கீர்த்தி. அதுவும் எழுதாததுதான்.

அம்முலு அதைக் கேட்டாள். கேட்கக் கேட்க மோவாய் வந்தது, மூக்குத்தி வந்தது, நனைந்த கண்ணிரண்டும் நெற்றிப்பொட்டும் வந்தன. மண்டபத்தில் விசில் பறந்தது. இளமதி பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அது எங்கம்மா," என்று தகவல் சொன்னாள்.

வைகாசிக் கூத்தில் வழக்கம்போலத் திரை பிடித்தார்கள். அம்முலு அதற்குப் பின்னால் கிரீடமும் மீசையுமாகப் பளிச்சென்று தெரிந்தாள். இரண்டு தடவை கனத்த துணியாக மாற்றியும் பிரயோஜனமில்லை. முறை என்று ஒன்று இருப்பதால் திரையை மட்டும் விடாமல் பிடிப்பது என்று சபையில் முடிவானது. இப்போதெல்லாம் முன்வரிசையிலிருந்து இளமதி கையாட்டுகிறாள். அசுரனும் பதிலுக்குக் கையாட்டிவிட்டுத்தான் பாடத் தொடங்குகிறான்.