கட்டிக்கிற முறை

குடிவரவு அலுவலகத்தின் மூன்றாம் அறையில் அதிகாரி கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். வந்தவர்கள் சொல்வதை அவர் மொழியில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மொழிபெயர்ப்பாளருக்குப் பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

அன்று எதிரே அறுபது வயது அம்மாள் ஒருத்தி, பக்கத்தில் அவள் கணவர். அவருக்கு இங்கேயே இருக்க அனுமதி இருந்தது. அம்மாளுக்கு இன்று முத்திரை விழுந்தால் கூடவே இருக்கலாம். விழாவிட்டால் வெள்ளிக்கிழமை விமானம் ஏற வேண்டியதுதான்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் சொந்தமான்னு கேக்கறாரு."

"நல்லா கேட்டாரு போ! என் அம்மாகூடப் பொறந்த தம்பிம்மா இவரு. சொந்தத் தாய்மாமன். என்னைத் தூக்கி வளத்த கை." அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த நாட்டில் அது கட்டக் கூடாத உறவு என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியும். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மணம் செய்யக் கூடாத உறவுகளின் பட்டியலை எடுத்துப் புரட்டினார். பதினேழாவது வரியில் இருந்தது, சகோதரியின் மகள். முகம் சுளிக்காமல் இருக்க அவர் படாத பாடு பட்டார்.

"அதுல என்ன போட்டிருக்கு?" என்றாள் அம்மாள்.

மொழிபெயர்ப்பாளர் வரிவரியாகப் படித்தாள். அம்மாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"சித்தப்பா பையன் எங்க?"

"அது இதுல இல்லம்மா. அவங்களைக் கட்டிக்கலாம்."

"அண்ணனையா! அடக் கண்றாவியே! மாமனைக் கட்டினா குத்தம், கூடப்பொறந்த முறையைக் கட்டினா குத்தமில்லையா?"

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். கண்றாவியையும் சேர்த்தே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் காது சிவந்தது. மேசையில் இருந்த படத்தை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார். மனைவி, இரண்டு குழந்தைகள். மனைவி தன் சித்தப்பா மகள் என்றார்.

அதைத் தமிழில் சொல்லும்போது, இத்தனை படித்த மொழிபெயர்ப்பாளருக்கும் உடம்பு கூசியது. சற்று முன் அதிகாரிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததும் வெட்கமாகப் போயிற்று.

அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோச்சுக்க வேணாம்னு சொல்லிட்டுக் கேளும்மா. அந்தப் பொண்ணு இவரை வீட்டுல என்னன்னு கூப்பிடும்?" என்றாள்.

"வந்த காரியத்தைப் பாரேன்டி," என்று கணவர் பல்லைக் கடித்தார்.

காரியம் கெட்டது என்றுதான் மொழிபெயர்ப்பாளரும் நினைத்தாள். ஆனாலும் கேட்டாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அதிகாரி ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், வேறு எப்படி என்றார். சிரிப்பு அடங்காமலே பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பினார். மணம் நடந்த நாட்டில் அது செல்லுமென்றால் இங்கேயும் ஏற்கலாம், அதிகாரியின் முடிவு என்று அங்கே ஒரு வரி. இரண்டு தரம் படித்தார். எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டார். நாற்பத்தொன்று. முத்திரையைக் குத்தினார்.

மொழிபெயர்ப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாள் முத்திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மாமா, கேட்டீங்களா? புருஷனைப் பேரு சொல்லிக் கூப்பிடுதாம்!" என்றாள்.