தோற்றவர் தட்டு

1

சூப்புக்கான வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிவிட்டது. கருக இன்னும் அரை நிமிடம்கூட இல்லை. அக்கா கரண்டியை இறுகப் பிடித்தபடி ஓரக்கண்ணால் பார்த்தாள். சமையல் பள்ளியின் முதலாளியம்மா ஒவ்வொரு அடுப்பாக ருசி பார்த்துக்கொண்டே வருகிறார். அடுத்தது என் அடுப்பு. அதற்கடுத்தது அக்காவுடையது.

அணைக்க வேண்டும். உடனே!

அணைக்கவே கூடாது.

(இரண்டும் அக்காவின் மனசில் ஓடியவைதான். அச்சுப் பிழை என்று யாரும் ஆசிரியருக்குக் கடிதம் போட வேண்டாம்.)

2

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கொலைக்காக அலைந்தபோது.

முப்பது வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். சமையலறைக்குள் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன், அடுப்பு பற்றவைக்கத் தெரியாமலே. இனியாவது ஒழுங்காகக் கொல்லலாம் என்று சனிக்கிழமை சமையல் வகுப்பில் சேர்ந்தேன். மின்விளக்குக் கடைக்கு மேல் மாடி. ஆறு அடுப்பு, ஆறு பேர், ஜன்னலோரம் ஒரு நாற்காலி.

என் பக்கத்து அடுப்புதான் அக்கா. வாராவாரம் எதையாவது கருக வைப்பாள். வகுப்பில் அவளுக்கு 'கருகலக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் அவள் வெங்காயம் நறுக்கும் வேகத்தைப் பார்த்த முதல் நாளே எனக்கு மூக்கு வியர்த்தது. கத்தி நடனமாடுகிறது, சட்டி மட்டும் கருகுகிறது. எங்கேயோ இடிக்கிறதே?

அன்றே எழுத ஆரம்பித்தேன்:

அவள் பைக்குள் இருந்த புட்டியில் வினிகர் இல்லை. அதில் இருந்தது—

(வினிகர்தான். முகர்ந்து பார்த்துவிட்டேன். இந்த வரியைக் கைவிடுகிறேன்.)

அடுத்த வடிவில் அவளை எதிர்த்தெரு ஓட்டல் அனுப்பிய உளவாளியாக்கினேன். வாராவாரம் புகையைக் கிளப்பி ஊரைக் கூட்டுகிற உளவாளி உண்டா? அதையும் அடித்தேன். கடைசியில், தொடர்கதைக்காரன் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். மாடிப்படியில் நிறுத்தி, நேராகவே கேட்டுவிட்டேன்.

3

"எழுதிட மாட்டீங்களே?" என்றாள் அக்கா.

"சேச்சே" என்றேன்.*

அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல். மூன்று ஷிஃப்டுக்கும் அவள் கைதான். கரண்டியைக் கீழே வைக்கும்போது வாசனையிலேயே வயிறு நிறைந்திருக்கும். ஒரு வாழைப்பழத்தோடு அவள் சாப்பாடு முடியும். வீட்டுக்குப் போனால் அங்கே இன்னோர் அடுப்பு.

"என் வீட்டுக்காரர் ஒரு நாள்கூட வெளியில சாப்பிட மாட்டாருங்க. கேட்டா, 'உன் கை மாதிரி வருமா'ம்பார். பையனும் அதே பாட்டு. புகழ்ந்தே என்னை அடுப்படியில கட்டிப் போட்டுட்டாங்க!"

புதுசாக நாலு கற்றுக்கொள்ளலாமே என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் மாஸ்டர் செய்து காட்டினார்: வெண்ணெயில் முறுகிய ரொட்டி, அதன்மேல் கிரீமில் புரண்ட காளான், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உருகி வழிகிற சீஸ். அக்கா மாஸ்டரின் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சட்டி கருகிவிட்டது.

மாஸ்டர் வந்து பார்த்தார். தாம் செய்த தட்டை எடுத்து ஜன்னலோர நாற்காலியில் அவளை உட்காரவைத்துக் கையில் கொடுத்தார்.

"இங்க ஒரு விதி இருக்குக்கா. தோத்தவங்க பசியோட படியிறங்கக் கூடாது. மாஸ்டர் தட்டு அவங்களுக்குத்தான்."

"எத்தனை வருஷத்துக்கு அப்புறம் தெரியுமா?" என்றாள் அக்கா, படியில் என்னிடம். "ஒருத்தர் சமைச்சு, சூடா, என் கையில கொடுத்து, நான் உட்கார்ந்து... முதல் வாய் வச்சதும் கண்ணை மூடிட்டேன். அப்புறம் என்ன? மறு வாரமும் தோத்தேன்."

* எழுத்தாளன் சொல்லும் 'சேச்சே'வை நம்புகிறவர்கள் இருக்கும்வரை எங்களுக்குப் பஞ்சமில்லை.

4

இனி வில்லங்கத்துக்கு வருவோம். அது இல்லாமல் நான் பேனாவையே திறப்பதில்லை.

பள்ளி வாசலில் பெரிய பலகை: 'இங்கே தேறாதவர் இல்லை'. கருகலக்கா பலகைக்கே சவால். போன வாரம் முதலாளியம்மா மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது:

"அடுத்த சனிக்கிழமை நானே வந்து ருசி பார்ப்பேன். ஒருத்தர் தேறலைன்னாலும் வேற மாஸ்டரைப் பார்த்துக்கறேன்."

தேறினால் அடுத்த நிலை வகுப்பு. அங்கே அவரவர் சமைத்ததை அவரவரே சாப்பிட வேண்டும். தட்டு போய்விடும். தோற்றாலோ மாஸ்டரின் வேலை போய்விடும்.

இப்போது அடுப்பைப் பாருங்கள். வெங்காயத்தின் ஓரம் கறுக்கிறது.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அக்கா கருக வைக்கிறாள். மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார். (வாசகர்கள் என்னை உதைப்பார்கள்.)

இரண்டு: சரியாக அந்த நொடியில் மின்சாரம் போய்— (அடுப்பு எரிவாயுவில் ஓடுகிறது. முட்டாளே!)

மூன்று: பக்கத்து அடுப்பு எழுத்தாளர் தியாகம் செய்து, தன் சூப்பை அக்காவுக்குக் கொடுத்து— (என் சூப்பைக் குடித்திருந்தால் முதலாளியம்மா பள்ளியையே மூடியிருப்பார்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

6

அக்கா அடுப்பை அணைத்தாள். ஒரு கரண்டி தண்ணீர். 'ஸ்ஸ்ஸ்' என்று சட்டி சீறியது. ஓரத்துக் கறுப்பு கரைந்து, நிறம் தேன்போலத் திரும்பியது. உப்பு, மிளகு, கொதிக்கும் காய்கறிச் சாறு. எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். கேன்டீன் கை விழித்துக்கொண்டது. அதை அடக்கிவைக்க இத்தனை வாரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

முதலாளியம்மா ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி.

"கருக வைப்பாங்கன்னு சொன்னது இவங்களையா?"

"தேறிட்டாங்கம்மா" என்றார் மாஸ்டர்.

கதை இங்கே முடியலாம். வேலை தப்பியது. தட்டு போனது. கிண்ணம் நிறைய நல்ல சூப்போடு, குடிக்க மனசில்லாமல் நிற்கிறாள் அக்கா. அடுத்த சனிக்கிழமை என்ன செய்வாள்? முடிவை உங்களிடமே விடுகிறேன். நீங்கள் என்னைவிட இரக்கமுள்ளவர்கள்.

ஆனால் ஒரு தகவலை உங்களிடமிருந்து மறைத்தேன். பழக்கதோஷம். அதைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.

7

"அம்மா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் அக்கா. "தோத்தவங்களுக்கு மாஸ்டர் தட்டுன்னு ஒரு விதி வச்சிருக்கீங்களே, அதை மட்டும் எடுத்துடாதீங்க. என்னை மாதிரி இன்னொருத்தி வருவா."

முதலாளியம்மா விழித்தார். "என்ன விதி? அப்படி எதுவும் இங்க கிடையாதே!"

மாஸ்டர் ஏற்கெனவே கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். முதலாளியம்மா படியிறங்கிப் போகும்வரை கழுவினார்.

"நான் வேணும்னே தோக்கறேன்னு தெரிஞ்சேதான் கொடுத்தீங்களா?" என்றாள் அக்கா.

"முதல் நாள் நிஜமாவே கருகிடுச்சு. என் சட்டியை நீங்க பார்த்த பார்வை அப்படி. அதுக்கப்புறம் கருகினதெல்லாம் நாலு பக்கமும் ஒரே நிறம், அடி மட்டும் பிடிக்கவே இல்ல. அவ்வளவு அழகா கருக வைக்கத் தொழில் தெரிஞ்சவங்களாலதான்க்கா முடியும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றது.

"விதியே இல்லன்னா, வாராவாரம் நான் சாப்பிட்டது யாரோட தட்டு?"

ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அக்காவின் கையில் கிண்ணம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னோட மத்தியானச் சாப்பாடுக்கா."