ஆலாத் திட்டில் ஒரு கிடாய்

பரிசல் தரை தட்டுமுன்பே மதிவதனி தண்ணீரில் குதித்தாள். திட்டின் நடுவே, போன வாரம் ஆலாப் பறவைகள் முட்டையிட்டிருந்த மணலில், கழுத்தில் மஞ்சள் துணி கட்டிய கருங்கிடாய் ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆலாவுக்குக் கூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. வெறும் மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். நாயும் நரியும் எட்டாது என்ற ஒரே தைரியத்தில்தான் அவை மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, அணைத் தேக்கத்தின் நடுவிலிருக்கும் இந்த ஆளில்லாத திட்டுக்கு வருடா வருடம் வருகின்றன. இப்போது பாதிக் குழிகளில் ஓட்டுச் சில்லும் எறும்பும்தான் கிடந்தன. மிச்சக் குழிகளில் முட்டை இருந்தும் தாய்ப்பறவைகள் இறங்க அஞ்சித் தலைக்குமேல் அலறிக்கொண்டிருந்தன. இந்த வெயிலில் விட்டால் மத்தியானத்துக்குள் அத்தனையும் வெந்துவிடும்.

"நேந்து உட்ட கெடாயாட்ட இருக்குதுங்க அம்மிணி," என்றார் பரிசல்காரர் சாமுவேல். "எந்தப் புண்ணியவான் கொண்டாந்து உட்டானோ."

மதிவதனி அந்தத் துணியைப் பார்த்தாள். மஞ்சளில் முக்கியிருந்தாலும் பூவேலை தெரிந்தது. அவளுடைய பழைய பாவாடை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மீன்காரங்க பரிசல்ல கொண்டுபோயி நாந்தான் கண்ணு உட்டேன்," என்றாள் பாவாத்தாள், பெருமையாகவே. "திட்டப் பாத்துக்கற வேல உனக்குக் கெடச்சா கருப்பராயனுக்குக் கெடா உடறேன்னு வேண்டியிருந்தேன். ஆடியில வெட்டோணும்."

"ஊரெல்லாம் காடு தோட்டமாக் கெடக்குது, உனக்கு இந்த எடந்தான் கெடச்சுதா?"

"நமக்கேது காடு? போன தடவ மொளகாக் காட்டுல வாய் வெச்சுதுன்னு கெடாயோட கால ஒடச்சுப்போட்டாங்களே, மறந்துபோட்டியா? ஆருக்கும் சொந்தமில்லாத எடம் அது ஒண்ணுதான்."

"கெடாயக் கரைக்குக் கொண்டாறேன், கயித்தோட வா," என்று மதிவதனி போனை வைத்தாள். அம்மா சொன்னது நிஜம் என்பதாலேயே ஆத்திரம் இன்னும் ஏறியது. யாருக்கும் சொந்தமில்லாத இடமாம்! அப்படியானால் இந்தப் பறவைகள் என்ன, வாடகைக்கா இருந்தன? கால் ஒடித்தவன்மேல், அம்மாமேல், பலி கேட்கிற கருப்பராயன்மேல், எல்லார்மேலும் எரிந்து விழ வேண்டும்போல் இருந்தது.

"இதைப் பரிசல்ல ஏத்தோணும், ஒரு கை புடிங்க," என்றாள் சாமுவேலிடம்.

"நான் வேதக்காரன்தானுங்க. ஆனாலும் அடுத்தவங்க சாமி கெடாயத் தொடமாட்டனுங்க."

"தொடவேண்டாம். பரிசல மட்டும் ஓட்டுங்க."

கிடாயைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அது கொம்பால் முட்டியது. மேலிருந்து ஆலா ஒன்று பாய்ந்து அவள் நெற்றியில் கொத்தியது. கிடாய் யார், காப்பாற்ற வந்தவள் யார் என்றெல்லாம் அதற்கென்ன தெரியும்? ரத்தம் கண்ணில் வழியக் கிடாயைப் பரிசலுக்குள் தள்ளி ஏறிக்கொண்டாள். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது ஒன்றிரண்டு ஆலாக்கள் மணலில் இறங்கியிருந்தன.

கரையில் பாவாத்தாள் கயிற்றோடு ஓடிவந்திருந்தாள். பரிசல் தட்டியதும் கிடாய் மதிவதனியை உதறிவிட்டுத் துள்ளிக் குதித்து, தண்ணீர் ஓரம்வரை பச்சையாக நின்ற மிளகாய்க் காட்டுக்குள் புகுந்தது. வரப்பில் உட்கார்ந்திருந்த காட்டுக்காரர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கயிற்றைப் பிடித்தபடி பாவாத்தாள் நின்ற இடத்திலேயே குன்றிப்போனாள். நெற்றி ரத்தத்தைத் துடைக்காமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மதிவதனி அந்தத் தடியை நோக்கி ஓடினாள்.