லோகோ குளத்து ரோகுவின் பிறந்த வீடு

ஹௌராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில், லோகோ குளத்துப் பெரிய ரோகு மீன் ஆடி மாதம் பிறந்தால் நாகரத்தினத்தின் வீட்டுக்கு வந்து, பிறந்த வீட்டுச் சீரை வாங்கிக்கொண்டு, சில நாள் தங்கிவிட்டுப் போகும். சிவப்புப் புடவை கட்டியிருக்கும், மூக்குத்தியும் உண்டு. தெருவில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிற நாளாகப் பார்த்துத்தான் கிளம்பும். சாந்த்ராகாச்சியில் அப்படிப்பட்ட நாளுக்குப் பஞ்சமே இல்லை. பம்ப் ஹவுஸ் முனை வரைக்கும் நீந்தி வந்து, அங்கே மேடு வருவதால் துடுப்பை ஊன்றி நடந்து, பிள்ளையார் மரத்தடியில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நீந்தும். சைக்கிளில் போகிறவர்கள் மணி அடித்து ஒதுங்குவார்கள். புதிதாக மாற்றலாகி வந்தவர்கள்தான் நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கும் அடுத்த வருஷம் பழகிவிடும்.

நாகரத்தினம் ரயில்வேயில் தண்ணீர் சப்ளை பார்க்கும் சீனியர் செக்‌ஷன் என்ஜினீயர். திருநெல்வேலிச் சைவம், முட்டை போட்ட பிஸ்கட்டைக்கூடத் திருப்பிக் கொடுக்கிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு லோகோ குளத்துக்குப் போய்விடுவார். நீராவி என்ஜின்களுக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய குளம் அது. என்ஜின்கள் போய்விட்டன, தண்ணீர் மட்டும் தங்கிவிட்டது. டிக்கெட் வாங்கினால் யாரும் குடை நட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கலாம். கரையில் உட்காரும் வங்காளிகள் எறும்பு முட்டை, வெந்தயம், என்னென்னவோ வேர் எல்லாம் இடித்து இரை தயாரித்து அதைத் தம்பிக்குக்கூடச் சொல்லாமல் காப்பாற்றுகிறவர்கள். நாகரத்தினத்தின் இரை புளித்த இட்லி மாவு, அதில் கட்டிப் பெருங்காயம். வீட்டில் மாவு ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று அவர் மனைவி விஜயலட்சுமிக்குத் தெரியும், கேட்கமாட்டாள். கொல்லைக் குழாயில் தலை முழுகாமல் உள்ளே வரக்கூடாது என்பது மட்டும்தான் அவள் சட்டம். பிடித்த மீனெல்லாம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிரிட்டோவுக்குப் போகும். பிரிட்டோ தூத்துக்குடிக்காரர், கூட்ஸ் ரயில் கார்டு, கிடைத்ததைக் குழம்பு வைத்துவிட்டு அண்ணாச்சியை வாழ்த்துகிறவர். பிடிப்பதில் பாவமில்லை, தின்பதில்தான் பாவம் என்று நாகரத்தினம் ஒரு சித்தாந்தம் வைத்திருந்தார். அதில் மீனின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அந்தக் குளத்தில் அவருக்குச் சிக்காத மீன் ஒன்றே ஒன்று. பத்துப் பதினோரு வருஷமாக அந்தப் பெரிய ரோகு அவர் மாவைத் தின்றுவிட்டுத் தூண்டில் முள்ளைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரே ஒருமுறை கரை வரைக்கும் வந்து, இடது உதடு கிழிந்து தப்பியது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பெண் சாதனா எஞ்சினீயரிங் நுழைவுத் தேர்வில் தோற்ற அன்றைக்குக்கூட இரண்டு தோசை சாப்பிட்டவர்.

அந்த சாதனா பிறகு பாலிகஞ்சில் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, பவானிபூர் பையன் சௌமிக்கைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்றாள். பையன் நல்லவன். இவர்கள் வீட்டு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்து இன்னொரு டம்ளர் கேட்டவன். நாகரத்தினம் ஒரு வருஷம் முறுக்கிக்கொண்டு திரிந்துவிட்டுச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, மீன் தன் வீட்டுப் படி ஏறக்கூடாது. பவானிபூர்க்காரர்கள் தலையாட்டினார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் மஞ்சள் பூசும் காலையில் மஞ்சள் டாக்ஸி ஒன்று வாசலில் வந்து நின்றது. பையனின் அத்தை தட்டுத் தட்டாக இறக்கினாள். புடவை, இனிப்பு, தயிர். கடைசியாக, இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய பெரிய தட்டில், சிவப்புப் புடவை கட்டி, மூக்குத்தி போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு ரோகு. பையன் வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு மீனை மணப்பெண்ணாக ஜோடித்து அனுப்புவதை வங்காளத்தில் எந்தக் கல்யாணத்திலும் விடமாட்டார்கள். நிபந்தனை சாப்பாட்டு மீனுக்குத்தான், இது மணப்பெண்தானே என்று அத்தை நியாயம் சொன்னாள். அதோடு, சம்பந்தி மனசு குளிர வேண்டும் என்று பையனின் சித்தப்பா முந்தின நாள் டிக்கெட் வாங்கி, சம்பந்தியின் சொந்தக் குளத்திலேயே பிடித்த மீன் என்றும் சந்தோஷமாகச் சொன்னாள். நாகரத்தினம் குனிந்து பார்த்தார். இடது உதடு கிழிந்திருந்தது. ஒரு ராத்திரி முழுக்கத் தட்டில் கிடந்த மீன், அவரைக் கண்டதும் வாயைத் திறந்து மூடியது.

"எதைப் போட்டுப் பிடிச்சாங்க?" என்று கேட்டார்.

சாதனா தரையைப் பார்த்தாள். தட்டிலிருந்து பெருங்காய வாசனை வந்தது.

அவர் அன்று போட்ட சத்தத்தைக் காலனியில் இன்னும் சொல்வார்கள். ஆசாரம், குலம், சுவாமி அறை, நெல்லையப்பர் எல்லாரையும் இழுத்தார். தன் மீனை எவனோ தன் மாவைப் போட்டே பிடித்துவிட்டான் என்ற எரிச்சலை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாதனா பொறுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா நீங்க அது வீட்டுக்குப் போனீங்களே அப்பா, இன்னைக்கு ஒருநாள் அது நம்ம வீட்டுக்கு வந்தா என்ன?" என்றாள். பந்தல்காரன்கூடச் சிரித்துவிட்டான். அதுதான் வினை. "அப்போ அது கூடவே நீயும் போ. இனிமே இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டார் மனுஷன். கல்யாணம் நடந்தது, தாரை வார்த்துக் கொடுத்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாதனா மண்டபத்திலிருந்து நேராகப் பவானிபூருக்குக் காரில் ஏறிவிட்டாள்.

விஜயலட்சுமி மகளை வழியனுப்பத் தட்டில் எடுத்து வைத்திருந்த மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி எல்லாம் அப்படியே கிடந்தன. குளியலறை அண்டாவில் ரோகு உயிரோடு கிடந்தது. வெட்ட இந்த வீட்டில் ஆள் கிடையாது. பிரிட்டோ கத்தியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "புடவை கட்டியிருக்கே மதினி, எனக்குக் கை வரல" என்று திரும்பிப் போய்விட்டார். குங்குமத்தோடு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று விஜயலட்சுமி அந்தத் தட்டை எடுத்தாள். மீனுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ரவிக்கைத் துணியை மேலே போட்டு, அழுதாள். யாரை நினைத்து அழுதாள் என்பது அவளுக்கும் தெரியும், அண்டாவில் இருந்தவளுக்கும் தெரியும். பிறகு பிரிட்டோ ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டார்கள். "ஆடிக்கு வந்துரு ஏட்டி" என்றாள் விஜயலட்சுமி.

வந்துவிட்டாள். முதல் ஆடியில் வாசலில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த நாகரத்தினம், படியில் ஈரப் புடவையோடு நின்ற ரோகுவைப் பார்த்தார். மகளுக்குச் சொன்ன வார்த்தை மீனுக்கும் சேர்த்தியா என்று யோசித்து முடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். தத்தளித்துக்கொண்டு கொல்லைச் சிமெண்டுத் தொட்டிக்குப் போனவளுக்கு அவரே தண்ணீர் திறந்துவிட்டார். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. பையன் வீட்டார் சீர்த் தட்டுக்கு வாங்கிய மலிவுப் புடவை அத்தனை தண்ணீரிலும் சாயம் போகாமல் இருந்ததே, அதைத்தான் காலனிப் பெண்கள் அதிசயமாகப் பேசினார்கள். நாகரத்தினம் தூண்டில் போடுவதை விட்டுவிட்டார். பெண் வாழ்கிற இடத்தில் போய் முள்ளைப் போடுவதா? ஞாயிற்றுக்கிழமை பழைய இடத்திலேயே குடை நட்டு, பெருங்காய மாவை உருட்டி உருட்டித் தண்ணீரில் போடுவார். வயிறு நிறைந்த மீன்கள் யார் தூண்டிலையும் கடிக்காததால் மற்றவர்கள் அவரைச் சபித்தார்கள். "உங்க சம்பந்தி வீட்டுல இன்னைக்கும் ஒண்ணும் கிடைக்கல அண்ணாச்சி" என்று பிரிட்டோ காலிப் பையை உதறிக் காட்டுவார்.

மீனுக்கு இத்தனை செய்தவர் மகளுக்கு ஒரு போன் போடவில்லை. பவானிபூர் ஒன்றும் பர்மா இல்லை, ஹௌரா பாலத்தைத் தாண்டினால் பஸ் போகும். சாதனாவும் அவருக்குப் பிறந்தவள்தானே, வரவில்லை. விஜயலட்சுமி தினமும் மொட்டை மாடியில் துணி உலர்த்தும் நேரத்தில் அவளோடு பேசுவாள், கீழே வந்து எதுவும் சொல்லமாட்டாள். நாகரத்தினம் கேட்கவும் மாட்டார். ஆனால் துணி உலர்த்த அவள் நேரமாக்கினால் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றுகொண்டு பேப்பர் படிப்பார்.

மூன்றாம் ஆடியில் ரோகு வயிறும் பிள்ளையுமாக வந்தாள். மாப்பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குளத்தில் குலம் கோத்திரம் விசாரிக்க வழியில்லாததால் நாகரத்தினமும் கேட்கவில்லை. தொட்டியில் ஒருக்களித்துப் படுத்தவள் மாவைத் தொடவில்லை. பிரிட்டோ வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரோகு குளத்துல முட்டை போடாது அண்ணாச்சி. ஓடுற ஆத்துத் தண்ணி வேணும். குஞ்செல்லாம் வெளியில வாங்கித்தான் விடுதோம். வயித்துலேயே தங்கிட்டா உசிருக்கு ஆபத்து" என்றார். நாகரத்தினம் பம்ப் ஹவுஸுக்குப் போய் வால்வைத் திருகினார். காலனிக் குழாய்களில் தண்ணீர் நூலாக வந்தது. அவர் கொல்லையில் ஆறாக வந்து, தொட்டி நிறைந்து, முற்றம் நிறைந்து ஓடியது. வானம் கன்னங்கரேல் என்று இருண்டு மழையும் கொட்டியது. ரோகு அசையவில்லை. கண் மங்கிக்கொண்டே வந்தது. நாகரத்தினம் தொட்டி ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் செவுள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி மட்டும் விட்டா ஆச்சா?" என்றாள் விஜயலட்சுமி. "தலைப் பிரசவம். வளையல் போடாம எப்படி? கூடப் பிறந்தவ வந்து முதல் வளையல் போடணும்."

"ஆடியில வளைகாப்பு உண்டுமா?"

"மீனுக்கு ஆடி என்ன, மாசி என்ன? போனை எடுங்க."

அவர் போனை எடுத்தார், வைத்தார். ரோகு கிழிந்த உதட்டைத் திறந்தாள், மூடவில்லை. அவர் மறுபடி எடுத்தார்.

"நான்தான்."

"தெரியுது, நம்பர் இருக்கு."

"உனக்காகக் கூப்பிடல. மீனுக்கு முடியல."

"என்னாச்சு அவளுக்கு?"

"வளையல் போடணுமாம். நீதான் வரணுமாம்."

"அம்மா சொல்றாங்களா, நீங்க சொல்றீங்களா?"

நாகரத்தினம் போனை மறு காதுக்கு மாற்றினார். "நான்தான்ம்மா சொல்லுதேன். வா" என்றார்.

மதியம் அவள் வந்தபோது காலனி முழுக்கத் தண்ணீர். சௌமிக் பேண்டைச் சுருட்டிவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சாதனாவுக்கு ஏழு மாதம். நாகரத்தினம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் வளையல் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. பெட்டியில் மீனுக்குத் தேவையானதைவிட ரொம்ப அதிகமான வளையல்கள் இருந்தன.

சாதனா உள்ளே வராமல் நின்றாள். "படி ஏறாதேன்னு சொன்னீங்க" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நாகரத்தினம் வாசலைப் பார்த்தார். மூன்று படியும் தண்ணீருக்குள் போய், தண்ணீர் நிலைவாசலைத் தொட்டுக்கொண்டு நின்றது. போன் பேசி முடித்ததும் அவர் குடைகூட இல்லாமல் பம்ப் ஹவுஸுக்கு ஓடி, வால்வை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்ததைப் பிரிட்டோ பார்த்திருக்கிறார். தொட்டிக்கு அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை.

"படி எங்கேட்டி இருக்கு?" என்றார் நாகரத்தினம். "நானும் தேடுதேன், காணோமே." தண்ணீரில் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்றைக்கு அவர் அழுததை மழையில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவரே பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

வளைகாப்பில் ஒரு சிக்கல் வந்தது. மீனுக்குக் கை கிடையாது என்பதை இத்தனை பெரியவர்கள் கூடியிருந்தும் யாரும் யோசித்திருக்கவில்லை. சாதனா வாலில் ஒரு வளையலைப் போட்டாள், அது நின்றது. மீதி அத்தனையும் விஜயலட்சுமி சாதனாவின் கைகளில் அடுக்கினாள். அந்தக் கைகள் தண்ணீருக்குள் போய், வளையல் கலகலவென்று சத்தம் போட்டதும் ரோகு புரண்டாள். ஓடுகிற தண்ணீர் முழுக்க முட்டையாயிற்று. முற்றம் வழியாக, வாசல் வழியாக, காலனிச் சாக்கடை வழியாக அதெல்லாம் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பவானிபூர் அத்தைக்குப் போனில் சொன்னபோது, அப்படியானால் அந்த மீனை அனுப்பியது நல்லதுதான் என்று அவள் சொல்லி, ஜெயித்துவிட்டாள்.

இப்போது லோகோ குளத்தில் மீன் நிறைய. எதுவும் கடிப்பதில்லை. தாத்தா ஊட்டி வளர்த்தவை. டிக்கெட் வாங்குவது குறைந்துபோய், குடைகள் மட்டும் பழக்கத்துக்கு வருகின்றன. நாகரத்தினம் பேத்தியை மடியில் வைத்து மாவு உருட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவள் பாதியைத் தானே தின்றுவிடுகிறாள். போன ஆடிக்கு இரண்டு பெண்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள், ஒருத்தி பஸ்ஸில், ஒருத்தி தெருத் தண்ணீரில். சீர் கொடுக்கும்போது சாதனா இரண்டு புடவையையும் விரித்துப் பார்த்து, "அவளுக்கு மட்டும் ஜரிகை அகலமா எடுத்திருக்கீங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். நாகரத்தினம் பையிலிருந்து அடுத்த புடவையை எடுத்தார். இந்தச் சண்டை வரும் என்று தெரிந்து, அதே ஜரிகையில் இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தார்.