நைனா என்று பெயர் வைத்த குழாய்

வாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போன பிறகு தமிழ்வாணன் கட்டிலோடு கிடந்தார். திருப்புலிவனத்தில் அவர்கள் வீட்டுக்கும் தெருக்கோடியில் இருந்த அவர்களுடைய அரிசி ஆலைக்கும் நடுவே மகள் கீர்த்தி கம்பி இழுத்து இரண்டு கணினிகளை இணைத்தாள். அவர் இடது கையில் ஒரு பொத்தான். அழுத்தினால் கட்டிலருகே உள்ள கணினியில் ஓடும் நிரல் ஒரு சொல்லை அனுப்பும். ஆலைக் கணினியில் ஓடும் நிரல் அதை வாங்கி மணி அடிக்கும். சொல் போகும் அந்த வழியைக் கணினித் துறையில் பெயரிட்ட குழாய் என்பார்கள். கீர்த்தி அதற்கு வைத்த பெயர் நைனா, அப்பாவை அவள் கூப்பிடும் சொல். மறுமுனை மூடியிருந்தால் சொல் தொலைந்துவிடக் கூடாது, திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆயுத பூஜையன்று ஆலை இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினார்கள். மறுநாள் காலைவரை எதையும் தொடக் கூடாது. வீட்டுக் கணினியையும் நிறுத்தச் சொன்னாள் அம்மா சசிரேகா.

"நைனாவோடத வுட்டுடும்மா. அது அவுரு வாயி," என்றாள் கீர்த்தி.

அம்மாவுக்கும் அது சரியென்று பட்டது. பிறகு கீர்த்தி ஆலைக் கணினிக்குப் பொட்டு வைத்து, தன் கையாலேயே அதை நிறுத்தினாள்.

பொரியும் சுண்டலும் கொடுத்து வந்தவர்களை அனுப்பிவிட்டு அவர்கள் வீடு திரும்பியபோது, தமிழ்வாணன் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. தூக்கிப் படுக்கவைத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஆலைக் கணினியைப் போட்டதும் மணி அடித்தது. நேற்றைய அழைப்பு. மூட்டை தூக்க வந்தவர்கள் கீர்த்தியைப் பார்த்தார்கள். அவள் மணியை நிறுத்தாமல் நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் பொத்தானைத் தொடவில்லை. தாகத்துக்குக்கூட யாரையும் கூப்பிடவில்லை. அம்மா ஆலைக்குப் போவதை விட்டாள்.

கீர்த்தி நிரலைத் திருத்தினாள். குழாயில் சொல் இரண்டு பக்கமும் போகலாம். ஒரு பக்கம் மட்டும் போகவிட்டிருந்தது அவள்தான். இப்போது ஆலைக் கணினி கேட்டுக்கொண்டிருக்கும்வரை கட்டிலருகே பச்சை விளக்கு எரியும். அணைந்தால், யாரும் அவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது. அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் விளக்கைப் பார்த்தார். கை அசையவில்லை.

மழை பிடித்த ஒரு மதியம் ஆலையில் மணி அடித்தது. ஓடினாள். அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் போய் உட்காருவதற்குள் மறுபடி மணி. மறுபடி ஓடினாள். அடுத்த முறையும் சொட்டச் சொட்ட வந்து நின்றவளை, அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, வெளாடறாரா?"

"இல்லம்மா. நான் வரேனான்னு பாத்துக்கினு கீறாரு."

தலையைக்கூடத் துவட்டாமல் அவள் ஆலைக்குத் திரும்பினாள், அடுத்த மணிக்காக.