இடவலம் மாறிய ‘கு’

குணசேகரனுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமா, சந்தோஷமா என்று அவருக்கே விளங்கவில்லை. கோவில்பதாகை ஊர்க்காரர். திருமழிசை தொழிற்பேட்டையில் சபீனாவின் பட்டறையில் பதினோரு வருஷமாக லேத் ஓட்டுகிறார். தலைமுடியில் பாதி கனம் பிசகினாலும் விரலாலேயே கண்டுபிடித்துவிடும் ஆள், அம்பத்தூர் சிறுதொழில் சங்கக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயற்கைக்கோள் வேலையைத் தனியாருக்கும் திறந்துவிட்டாகிவிட்டது. அதற்கான புது விதிகளின் வரைவை எடுத்துக்கொண்டு டெல்லியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. சின்னப் பட்டறைக்காரர்கள் குறை சொல்லலாம், கேட்டுக்கொள்வார்கள். பெரிய மனசுதான். ஆனால் ஒன்பதாவது விதியில் ஒரு ஆப்பு இருந்தது: விண்வெளிக்கு ஏற்கெனவே பாகம் அனுப்பியதற்குச் சான்று உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

சபீனா எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

“சார், இது கல்யாணம் ஆனவனுக்குத்தான் பொண்ணு குடுப்போம்னு சொல்ற மாதிரி இருக்கு. முதல் வாய்ப்பையே குடுக்காம அனுபவம் எங்க இருந்து வரும்?”

கூடமே சிரித்தது. குழுத் தலைவர் ராஜசேகரனும் சிரித்தார். அவரும் தமிழ்க்காரர்தான்.

“அது போகட்டும் சார். நாங்க அனுப்பியிருக்கோம். உங்க முன்னாடி மேசையில வச்சிருக்கீங்களே, அந்த வளையம் எங்க பட்டறையில கடைஞ்சது.”

பாத்திரம் வைக்கும் பிரிமணை அளவில் ஒரு அலுமினிய வளையம் அது. செயற்கைக்கோளை ராக்கெட்டோடு சேர்த்துப் பிடிக்கிற பாகம். பட்டறையில் ஏழு செய்தார்கள், ஆறு பறந்துவிட்டன, சோதனைக்கென்று வைத்திருந்த ஏழாவதைக் குழுவினர் இப்போது காட்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கீழே பளபளவென்று பெயர்ப்பலகை. அதில் வேறொரு பெரிய கம்பெனியின் பெயர். வேலை கொடுத்தவர்கள் அவர்கள், பெயரும் அவர்களுடையதே. செய்த கைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

“பேப்பர் இருக்காம்மா?” என்றார் ராஜசேகரன்.

“இல்ல சார்.”

“அப்ப நான் எதை வச்சு எழுதறது?” அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அடுத்தவரை அழைக்கத் தாளைப் புரட்டினார்.

சபீனா உட்காரப் போனாள். இந்த விதி இப்படியே வந்துவிட்டால் நாளையிலிருந்து மறுபடி பம்ப்செட் மூடி கடைவதுதான். குணசேகரனுக்குப் பொறுக்கவில்லை. சொன்னால் மூன்று வருஷத் திருட்டுத்தனம் வெளியே வரும். பட்டறைக்கே தடை விழலாம். சொல்லாவிட்டாலும் கதவு சாத்தப்படும். எழுந்தே விட்டார்.

“சார்! அந்த வளையத்தக் கொஞ்சம் கவுத்துப் பாருங்க. ஏழாவது ஓட்டைக்குப் பக்கத்துல இன்னா கீதுன்னு பாருங்க!”

ராஜசேகரன் செல்போன் விளக்கை அடித்துக் குனிந்தார். “ஏதோ கீறல்...”

“கீறல் இல்ல சார். அது நானு.”

சபீனா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பொசுங்கியிருக்க வேண்டும். ஆனால் கால்கள் மேசைக்குப் போய்விட்டன. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன இரும்புக் குச்சியை எடுத்தார். பழைய டிரில் பிட்டைத் தேய்த்து, முனையில் தன் பெயரின் முதலெழுத்தை அவரே வெட்டிய அச்சு. சபீனா கொண்டுவந்திருந்த அலுமினிய மாதிரித் துண்டில் அதை நிறுத்தி, மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டால் ஒரு தட்டு தட்டினார். அரிசி அளவில் ஒரு ‘கு’ விழுந்தது. இடவலம் மாறிய ‘கு’.

ராஜசேகரன் துண்டையும் வளையத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒன்று.

“ஏன் திரும்பியிருக்கு?”

“அச்சைத் திருப்பி வெட்டணும்னு அப்பத் தோணல சார். நேரா வெட்டிட்டேன். அடிச்சப்புறம்தான் பாத்தேன்.”

கூடம் வெடித்துச் சிரித்தது. குணசேகரனும் சிரித்தார். இந்தக் கோணல் எழுத்தை உலகத்தில் வேறு எவனும் அடித்திருக்க முடியாது. அவருடைய முட்டாள்தனமே அவருக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

ஆனால் ராஜசேகரன் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். “வரைபடத்துல எந்தக் குறியும் கூடாதுன்னு போட்டிருப்பாங்களே?”

“போட்டிருந்தாங்க சார். பளு வராத எடமாப் பாத்துத்தான் அடிச்சேன். இருந்தாலும் தப்புதான். தண்டனைய எனக்குக் குடுங்க, கம்பெனிக்கு வேணாம்.”

“எத்தனை வளையம்?”

“ஏழு சார். ஒண்ணு இங்க கீது. ஆறு மேல கீது.”

“ஆறுலயும்?”

“ஆறுலயும்.”

கூடம் முழுக்க ஒரு கணம் அண்ணாந்து பார்த்தது. அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் சிலிர்த்துவிட்டது. முதலில் கை தட்டியது யார் என்று தெரியவில்லை. பிறகு சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. ராஜசேகரன் பேனாவைத் திறந்து ஒன்பதாவது விதியின் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் சபீனா பிடித்துக்கொண்டாள். “மூணு வருஷமா எனக்கே தெரியாம! இனிமே அனுமதி இல்லாம ஒரு புள்ளி வச்சீங்க, கையை ஒடைச்சிடுவேன் அண்ணே.” திட்டி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது.

எட்டு மாதம் கழித்து விதிகள் வெளிவந்தன. அடுத்தவர் பெயரில் செய்து கொடுத்த பாகமும், செய்தவர் யாரென்று நிரூபித்தால், அனுபவமாகக் கொள்ளப்படும் என்று இருந்தது. சபீனா அதைப் பட்டறை இரைச்சலுக்கு நடுவே நின்று மூன்று தரம் சத்தமாகப் படித்தாள்.

அடுத்து வந்த வளைய வரைபடத்தில் பட்டறையின் பெயரே இருந்தது. ஏழாவது ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி: ‘தயாரிப்பாளர் குறி இங்கே’.

வேலை முடிந்த அன்று சபீனா புத்தம்புது அச்சொன்றை நீட்டினாள். வெளியே கொடுத்து, சரியாகத் திருப்பி வெட்டி வாங்கியது. நேரான, அழகான ‘கு’ விழும்.

குணசேகரன் அதை வாங்கிப் பார்த்தார். புதியதை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த பழைய குச்சியை எடுத்தார்.

“இதையே அடிச்சிக்கிறேம்மா. வேற எழுத்தோட போனா, மேல கீற ஆறும் நம்மள வேற யாரோன்னு நெனைச்சிக்கும்.”